தலைப்பிள்ளைகள் பற்றி மூன்று பக்கம்

கிதிர் முகம்மதுவைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஆள் தேடினால் சைகோன் முழுக்க அலைந்து கால் ஓய்ந்துபோகும். பள்ளிவாசலில் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். சீனர்கள் குடியிருக்கும் சோலோன் பக்கம் போய்க் கேட்டால் காறித் துப்புவார்கள். அவர் வேலை பார்த்த கல்லூரியில் கேட்டால், "யாரு, காகிதக்காரரா?" என்று கேட்டுவிட்டு, ஆள் இன்னும் எங்காவது நின்று காதில் வாங்கிக்கொண்டிருக்கிறாரோ என்று கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்கள். இருபத்திரண்டு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த பெயர் இது. எல்லாராலும் முடிகிற காரியமில்லை.

கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய பெரிய கல்லூரி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாடம் நடத்தியவர்கள் பிரான்சிலிருந்து வந்தவர்கள். அவர்களை யாரும் குடியிருப்புச் சீட்டுக் கேட்பதில்லை. ஆனால் வாத்தியார்கள் மட்டும் இருந்தால் ஒரு கல்லூரி நடந்துவிடுமா? சமையற்கட்டில் சீனர்கள், தோட்டத்தில் ஜாவாக்காரர்கள், ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஹாங்காங்கிலிருந்து வந்த இரண்டு பேர், வாசல் காவலுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நம் தமிழ்க் கரையோரத்து ஆட்கள் என்று அந்நிய ஊழியர்களே நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். இவர்கள் அத்தனை பேரும் வருஷத்துக்கு ஒரு முறை குடியேற்ற அலுவலகத்துக்குப் போய், பெருவிரலை மையில் தோய்த்து வைத்து, குடியிருப்புச் சீட்டைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கப்பலேறி ஊருக்குப் போனால் திரும்பி வர ஒரு சீட்டு. பெண்டாட்டியை அழைத்துக்கொள்ள இன்னொரு சீட்டு. இதற்கெல்லாம் மனு எழுதி, முத்திரை வாங்கி, வழிகாட்டுவதுதான் கிதிர் முகம்மதுவின் உத்தியோகம். அப்படித்தான் அவருடைய நியமன உத்தரவில் எழுதியிருந்தது. அவரோ அந்த வழியில் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் காரைக்கால்காரர், ஆகவே பிரெஞ்சுக் குடி. காரைக்காலிலிருந்து தெற்கே காலையில் நடக்கத் தொடங்கினால் மதியத்துக்குள் நாகூர் வந்துவிடும். நாகூர் இங்கிலீஷ்காரன் பூமி. நடுவில் ஒரு சுங்கச்சாவடி. அந்தச் சாவடிக்கு வடக்கே பிறந்தவனுக்கு சைகோனில் நாற்காலி கிடைக்கும், தெற்கே பிறந்தவனுக்குப் பெருவிரலில் மை கிடைக்கும். வடக்கே பிறந்ததைத் தன் சொந்தச் சாமர்த்தியத்தில் சாதித்துக்கொண்டது போலத்தான் கிதிர் முகம்மது நடந்துகொள்வார். நாகூர் ஆட்களின் மனு வந்தால் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்.

ஒன்றை மட்டும் அவருக்கு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தமிழில் சொன்னதைப் பிரெஞ்சில் சொல்லும்போது ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். வாசல் காவலர் சேக் ஒருமுறை ஆத்திரத்தில், கல்லூரிச் செயலாளர் முசியே ஜூல் முன்னாலேயே, "இந்த வெள்ளைக்காரனுக்கு மூளை கிடையாது, அந்தக் காகிதக்கார நாய்க்கு மனசு கிடையாது" என்று தமிழில் கத்திவிட்டார். கிதிர் முகம்மது நிமிர்ந்து நின்று இரண்டையும், நாயையும் சேர்த்து, அப்படியே பிரெஞ்சில் ஒப்பித்தார். சேக்கைப் பதினைந்து நாள் வேலைக்கு வராதே என்று விரட்டினார்கள். "நான் சொல்லல, அவன் சொன்னான். சொன்னதச் சொல்லாம விடுறதுக்கு நான் யாரு?" என்று கிதிர் முகம்மது பின்னால் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

இப்போது ஷம்சுல் ஆலம் விஷயத்துக்கு வருவோம். ஆலம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அவரும் காரைக்கால்தான், பிறப்புச் சான்று கையில் இருந்தது. கிதிர் முகம்மதுவைவிடப் பதினைந்து வயது இளையவர். பிரெஞ்சு நன்றாகப் பேசுவார், கொஞ்சம் அதிகமாகவே நன்றாகப் பேசுவார்; பகை அங்கேயே முளைத்துவிட்டது என்று சொல்வார்கள். அது முற்றியது ஆலமின் மனைவி ஜெய்த்தூன் பீவி கப்பலில் வந்து இறங்கியபோது. அவள் நாகூர்ப் பெண். அவளுடைய வருகைச் சீட்டில் கணவனின் கையெழுத்துக்கு மேலே இருக்க வேண்டிய முத்திரை கீழே இருந்தது. அவ்வளவுதான் குற்றம். கிதிர் முகம்மது அதைத் திருப்பி அனுப்பி, புதுச் சீட்டு எழுதி, அது போய், வந்து, மறுபடி போய் வருவதற்குள் பத்தொன்பது நாள் ஆயிற்று. பத்தொன்பது நாளும் அந்தப் பெண் ஆற்றங்கரையில் குடியேற்றக் கொட்டகையில், கூலிகளோடு கூலியாக, ஈரத் தரையில் கிடந்தாள். வெளியே வரும்போது ஒரு இருமலையும் கொண்டுவந்தாள். அந்த இருமல் பிறகு அவளை விட்டுப் போகவே இல்லை.

அதற்கு அடுத்த மாதம் பள்ளிவாசலில் நபி புகழ் பாடும் மௌலூது. ஓதி முடித்ததும் நெய்ச்சோறு. நாலு பேருக்கு ஒரு சஹன் என்று பெரிய தாம்பாளத்தை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவது அந்தக் கரையோர முஸ்லிம்களின் வழக்கம். உட்கார்ந்த சஹனை விட்டு யாரும் எழுந்திருப்பதில்லை. ஆலம் உட்கார்ந்த சஹனில் நாலாவது ஆளாக கிதிர் முகம்மது வந்து சம்மணம் போட்டார். ஆலம் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு, தூரத்தில் இன்னொரு சஹனில் போய் ஐந்தாவது ஆளாக உட்கார்ந்தார். மற்ற இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அவர் பின்னாலேயே எழுந்து போனார்கள். நாலு பேர் சோற்றின் முன்னால் கிதிர் முகம்மது ஒண்டியாக உட்கார்ந்திருந்ததைப் பள்ளிவாசலே பார்த்தது. அன்றைக்கு அவர் மனதில் ஒரு கல் விழுந்தது. அதை எடுத்து ஆலம் மேல் எறிய ஒரு நாளுக்காகக் காத்திருந்தார்.

அந்த நாள் விஷக்காய்ச்சலோடு வந்தது. தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷம், மழை ஓயும் சமயம். முதலில் துறைமுகத்தில் ஆட்கள் சரிந்தார்கள், பிறகு படைக்கொட்டடியில், பிறகு தெருவுக்குத் தெரு. காலையில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவன் மறுநாள் உதடு நீலம் பாய்ந்து கிடந்தான். ஜனங்கள் கழுத்தில் கற்பூரப் பொட்டலம் கட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் ஒதுங்கினார்கள். நோயைக் கொண்டுவந்தது அந்நியர்கள்தான் என்று மேலிடத்தில் யாருக்கோ ஞானம் பிறந்தது. உடனே ஒரு உத்தரவு: சர்க்கார் நிலையங்களில் வேலை பார்க்கும் அந்நியர்களில் யாருடைய சீட்டுச் செல்லுபடியாகவில்லையோ அவர்கள் எல்லாரும் நவம்பர் இருபதாம் தேதிக் கப்பலில் ஏற்றி அனுப்பப்படுவார்கள். அந்தந்த நிலையத்தின் செயலாளரே விசாரித்துப் பட்டியல் தர வேண்டும்.

கப்பல் என்றால் அப்போது என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அக்டோபரில் கிளம்பிய கப்பலின் மேல்தளத்தில் போனவர்களில் முப்பத்தொரு பேரை சிங்கப்பூர் போய்ச் சேருவதற்குள் கடலில் போட்டார்கள். அந்தச் செய்தி வந்தபிறகு 'பட்டியல்' என்ற சொல்லைக் கேட்டாலே ஆட்கள் செய்த வேலையைப் போட்டுவிட்டுத் தங்கள் சீட்டை எடுத்துத் தேதி பார்த்தார்கள்.

கிதிர் முகம்மதுவுக்கோ தலைக்கு மேல் வேலை, முகத்தில் அப்படி ஒரு களை. அந்நிய ஊழியர்களுக்கு வழிகாட்டும் அறிவிப்பு ஒன்றைப் பதினோரு விதிகளோடு தயாரித்து, முன்வாசலில் ஒட்டி, அதன் பக்கத்திலேயே நின்று சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்ததும் வாசல் காவலர் சேக் கையைத் தூக்கினார். சேக் நாகூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய மனு அதற்குள் மூன்று தடவை திரும்பி வந்திருந்தது.

"நானா, ஒரு சந்தேகம்" என்றார். கரையோரத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"கேளு."

"சீட்டு முடிஞ்சவன் நேர்ல வந்து நிக்கணும்னு மூணாவதுல ஈக்குது. காய்ச்சக்காரன் ஆபீஸ் படி மிதிக்கக் கூடாதுன்னு நாலாவதுல ஈக்குது."

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒருத்தனுக்குச் சீட்டும் முடிஞ்சு போச்சு, காய்ச்சலும் வந்துருச்சுன்னு வைங்க. அவன் என்ன செய்யணும்?"

"அப்படி ஒருத்தன் இருக்கக் கூடாது" என்றார் கிதிர் முகம்மது.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஆலம் மட்டும் விறுவிறுவென்று உள்ளே போய், முசியே ஜூலிடம் நல்ல பிரெஞ்சில் அதே கேள்வியைக் கேட்டார். ஜூல் அறிவிப்பை வரவழைத்துப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "கிதிர், உங்கள் மூன்றாம் விதியும் நாலாம் விதியும் ஒன்றையொன்று கழுத்தைப் பிடிக்கின்றன" என்றார். எழுத்தர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விதியை மாற்றினாரா என்றால் இல்லை. சிரித்ததோடு சரி. சேக் மறுநாளே காய்ச்சலில் படுத்தார், நேரில் வரவில்லை, அவர் பெயர் பட்டியலில் ஏறியது. ஆனால் கிதிர் முகம்மதுவுக்கு அந்தச் சிரிப்புத்தான் காதில் நின்றது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

பிறகு உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதினார். மூன்று பக்கம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அதன் சாரம் இதுதான்: எங்கள் கரையோரத்தில், முஸ்லிமானாலும் இந்துவானாலும், பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது மாறாத வழக்கம். ஏழாம் மாதத்தில் அழைத்துப் போவார்கள். பிள்ளை அங்கே பிறக்கும். நாற்பது நாள் கழிந்து தாயும் பிள்ளையும் புகுந்த வீடு திரும்பிய பிறகு, தகப்பன் தன் ஊர் அலுவலகத்தில் போய், தன் வீட்டிலேயே பிறந்ததாகப் பதிந்துவிடுவான். அதில் யாரும் தவறு காண்பதில்லை. ஆகவே தாயின் ஊர் இங்கிலீஷ் பூமியாக இருந்து, ஆள் தலைப்பிள்ளையாகவும் இருந்தால், அவன் வைத்திருக்கும் காரைக்கால் சான்றை நம்புவதற்கில்லை. அவன் உண்மையில் அந்நியன். உதாரணமாக, ஆய்வுக்கூடத்து ஷம்சுல் ஆலம். தாய் நாகூர். தலைப்பிள்ளை.

எழுதும்போது பேனா தங்குதடையில்லாமல் ஓடியது. பகை ஒரு மனிதனின் கண்ணை எப்படிக் கட்டும் பாருங்கள்! ஊரில் உள்ள அத்தனை தாய்வீடுகளும் ஞாபகம் வந்தன, ஒன்றைத் தவிர.

முசியே ஜூல் அதைப் படித்து அசந்துபோனார். உள்நாட்டு வழக்கங்கள் என்றால் அவருக்கு உயிர். நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்கிற மனிதர். "இருபத்திரண்டு வருஷத்தில் நீங்கள் எழுதியதிலேயே உருப்படியான காகிதம் இது" என்று கைகுலுக்கினார். குறிப்பு குடியேற்ற அலுவலகத்துக்குப் போயிற்று. நாலே நாளில் அது விதியாகத் திரும்பி வந்தது: அப்படிப்பட்ட தலைப்பிள்ளைகள் எல்லாரும், வேறு விதமாக நிரூபிக்கும்வரை, அந்நியர்களே.

ஜூல் ஒழுங்கான மனிதர். விதி வந்ததும் ஊழியர் கோப்புகளைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாகப் புரட்டினார். கரையோரத்து ஆட்கள் ஏழு பேர். அதில் பிரெஞ்சுக் குடி என்று பதிந்தவர்கள் மூன்று பேர். மூன்றாவது கோப்பைத் திறந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கிதிர், இது உங்கள் கையெழுத்துத்தானே?"

இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய வேலை மனு. தாயின் சொந்த ஊர்: நாகூர். உடன்பிறந்தோரில் எத்தனையாவது: முதல்.

கிதிர் முகம்மதுவின் முகத்தில் ஈயாடவில்லை. "முசியே, நான் காரைக்காலில் பிறந்தவன்" என்றார்.

"ஆலமும் அதைத்தான் சொல்கிறார்" என்றார் ஜூல். குரலில் கோபம் எதுவும் இல்லை. "நீங்கள் இரண்டு பேரும் நிரூபியுங்கள். ஊர்க்காரர் ஒருவர், சொந்தக்காரராக இல்லாதவர், வந்து சொன்னால் போதும். காரைக்காலுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், ஆனால் பதில் வர ஆறு மாதமாகும். கப்பல் இருபதாம் தேதி."

ஆலம் மறுநாளே வந்து ஒரு மங்கிய காகிதத்தை மேசைமேல் வைத்தார். அவருடைய தாயாருக்குத் தாய் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டாள். பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டுக்குப் பிள்ளைத்தாய்ச்சியை எப்படி அனுப்புவது என்று காரைக்கால் ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் பார்த்திருக்கிறார்கள். பிரெஞ்சு டாக்டரின் கையெழுத்து, தேதி, மணி எல்லாம் இருந்தது. ஜூல் ஆலமின் கோப்பை மூடினார்.

கிதிர் முகம்மது வீட்டுக்கு வந்து மனைவி ஷரீஃபுன்னிசாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் காரைக்காலில் பிறந்து, காரைக்காலிலேயே வளர்ந்தவள். அவளுக்குமேல் மூன்று பேர் பிறந்திருந்தார்கள், ஆகவே விதி அவளைத் தொடாது. பிள்ளைகுட்டி இல்லாத வீடு, ஒளிக்காமல் பேசுகிற வாய்.

"உங்களுக்கு யாரு இதக் கிண்டச் சொன்னது? மாமி எத்தன தடவ சொல்லியிருக்காஹ! நாகூர்ல, அடமழையில, மருத்துவச்சி தோணியில வந்தாஹளாமே. பொறந்த புள்ளயக் கூரை ஒழுகுதுன்னு கட்டிலுக்கடியில போட்டு வச்சாஹளாம். நீங்கதானே அந்தப் புள்ள?"

"கத்தாதே" என்றார் கிதிர் முகம்மது.

"ஆலம்மேல ஈக்கிற கடுப்புல உங்க உம்மா வீட்டையே மறந்துட்டீங்களே மச்சான்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இந்த வூட்ல நான் ஒருத்திதான் பிரெஞ்சுக்காரி போலருக்கு. நானே வந்து சாட்சி சொல்லவா?"

"பொஞ்சாதி சாட்சி செல்லாது. விதி."

"யாரு எழுதின விதி?"

அதுவும் அவர் எழுதியதுதான்.

பிரான்சில் சண்டை முடிந்துவிட்டதென்று துறைமுகத்தில் பீரங்கி சுட்டுக் கொண்டாடிய வாரம் அது. வெள்ளிக்கிழமை கத்தினா தெருவுக்குப் பின்னாலிருந்த பள்ளிவாசலுக்கு கிதிர் முகம்மது சீக்கிரமே போய்விட்டார். காய்ச்சல் பயத்தில் கூட்டம் பாதிகூட இல்லை. வந்தவர்களும் கைக்கெட்டாத தூரத்தில் ஒருவர் பின் ஒருவராக நின்று தொழுதார்கள். தொழுகை முடிந்ததும் அவர் வாசலருகே நின்றுகொண்டு ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவருக்குக் கடையில் ஆளில்லை. இன்னொருவருக்குப் பிரெஞ்சு அதிகாரி என்றாலே கைகால் நடுக்கம். மூன்றாமவர், போன வருஷம் தன் மைத்துனனின் சீட்டை மைக்கறை இருக்கிறதென்று திருப்பியதை நிதானமாக ஞாபகப்படுத்திவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். மற்றவர்கள் காரணம்கூடச் சொல்லவில்லை. நகர்ந்து நகர்ந்து போய்விட்டார்கள். முற்றத்தில் கிதிர் முகம்மது மட்டும் நின்றார்.

கால் கழுவும் தொட்டியருகே ஆலம் உட்கார்ந்திருந்தார்.

"நான் வர்றேன் நானா" என்றார்.

கிதிர் முகம்மது காதில் விழுந்ததை நம்பவில்லை. "நீயா?"

"நாந்தான். எங்க உம்மாவும் உங்க உம்மாவும் ஒரே தெரு. உங்க வூட்டுக் கதை எனக்குத் தெரியாததா? நாளைக்கிக் காலையில வர்றேன். வூட்ல ஜெய்த்தூன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடணும்."

கிதிர் முகம்மது நன்றி சொல்லியிருக்கலாம். அந்தப் பத்தொன்பது நாளுக்கு ஒரு வார்த்தை வருத்தமாவது சொல்லியிருக்கலாம். "ஒன்பது மணிக்கு. தாமதிக்காதே" என்றுதான் வாயிலிருந்து வந்தது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஜூலின் அறையில் மூன்று பேர். ஜூல் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, சாட்சி எந்த மொழியில் சொல்ல விரும்புகிறார் என்று கேட்டார். அதுவும் விதி.

"தமிழில்" என்றார் ஆலம், சுத்தமான பிரெஞ்சில்.

ஜூல் புருவத்தைத் தூக்கினார். தமிழ் தெரிந்த இன்னொரு துபாஷி குடியேற்ற அலுவலகத்தில் இருந்தார். அவரும் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "அப்படியானால் கிதிர், நீங்களேதான் மொழிபெயர்க்க வேண்டும். வேறு ஆளில்லை."

கிதிர் முகம்மது எழுந்து, பழக்கப்படி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஆலம் அவரை மட்டும் பார்த்துப் பேசினார்.

"இவுஹ குடும்பத்த எனக்கு நல்லாத் தெரியும். இவுஹ உம்மா நாகூர். இவுஹ தலைப்புள்ள. தலைப்புள்ள எங்க பொறக்கும்னு நான் என்னத்தப் புதுசாச் சொல்றது? மூணு பக்கம் எழுதியிருக்காஹ. அதுல ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. இவுஹளும் அப்படித்தான் நாகூர்ல பொறந்தாஹ. இதான் என் சாட்சி."

ஜூல் பேனாவோடு காத்திருந்தார். அவருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. 'காரைக்கால்' என்று ஒரே ஒரு ஊர்ப்பெயரை மாற்றிப் போட்டால் போதும். நாற்காலி இருக்கும், ஷரீஃபுன்னிசா இருப்பாள், மேல்தளத்தில் நீலம் பாய்ந்து சாக வேண்டியதில்லை. ஆலமுக்குப் பிரெஞ்சு தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பகைக்காரன் வார்த்தை, பொய் சொல்கிறான் என்று அடித்துப் பேசிவிடலாம். இப்படியெல்லாம் அவர் அந்தக் கணத்தில் யோசித்தாரா என்று யாருக்குத் தெரியும்?

பிறகு சொன்னார். இவருடைய குடும்பத்தை எனக்கு நன்றாகத் தெரியும் என்று தொடங்கி, வரிசை பிசகாமல், ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல் சொன்னார். நாகூர் என்று வந்த இடத்தில் குரல் கம்மியது, ஜூல் காதைச் சாய்த்து, "மன்னிக்கவும், எந்த ஊர்?" என்று கேட்க, அதை இன்னொரு தடவை தெளிவாகச் சொன்னார். "இதுதான் என் சாட்சி" என்பதையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஆலம் வாசலுக்குப் போகும்போது தடுமாறிக் கதவுநிலையில் இடித்துக்கொண்டார். பல வருஷம் கழித்து அவரே இதைச் சொன்னார். முதல்நாள் ஜெய்த்தூன் பீவி இருமிக்கொண்டே சொல்லி அனுப்பினாளாம்: "நீங்க உள்ளதச் சொல்லுங்க. அவரு மாத்திச் சொன்னாருன்னா வாயத் தொறக்காம வந்துருங்க. பொழச்சுப் போவட்டும். அந்தக் கப்பல்ல நம்ம எதிரியும் போவக் கூடாது." ஆலம் வாயைத் திறக்காமல் இருக்கத் தயாராகத்தான் போயிருந்தார். அந்த மனுஷன் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை கிதிர் முகம்மது குடியேற்ற அலுவலகத்தில் வரிசையில் நின்று, பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். எத்தனையோ பேருக்கு, "நல்லா அழுத்து, கோடு தெரியணும்" என்று சொன்னவர். அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஷரீஃபுன்னிசா கூடவே வருவேன் என்று அடம்பிடித்தாள். "நீ பிரெஞ்சுக் குடி. உன்ன யாரும் ஏத்த முடியாது. நோய்க் கப்பல்ல காலு வச்சே, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காத" என்று கத்தினார். வாழ்நாளில் அவர் அவளிடம் காட்டிய அன்பு அவ்வளவுதான். அதையும் திட்டித்தான் காட்டினார். காரைக்காலிலிருந்து பதில் அடுத்த ஜூனில் வந்தது. தகப்பனார் பிரெஞ்சுக் குடி, பதிவும் இங்கே, ஆகவே மகன் எங்கே பிறந்திருந்தாலும் பிரெஞ்சுக் குடியே என்று அதில் கண்டிருந்தது. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஜூல் கிதிர் முகம்மதுவின் பழைய மேசைக்குள்ளேயே போட்டுப் பூட்டினார்.

இருபதாம் தேதி கப்பல் ஆற்றில் இறங்கியது. மேல்தளத்தில் ஆட்கள் படுக்கவும் இடமில்லாமல் முட்டிக்கு முட்டி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இருமலும் முனகலுமாக இருந்தது. மதியச் சோறு வந்தது. கப்பல்காரன் எண்ணிப் பார்த்து நாலு பேருக்கு ஒரு தாம்பாளம் என்று நடுவில் வைத்துக்கொண்டே போனான். கிதிர் முகம்மதுவின் முன்னாலும் ஒன்று வைத்தான். எதிரே இரண்டு பேர் நாகப்பட்டினத்துக் கூலிகள், அவரை அறியாதவர்கள். நாலாவது ஆள் போர்வையை விலக்கிக்கொண்டு மெல்ல எழுந்து உட்கார்ந்தார். வாசல் காவலர் சேக்.

சேக் அவரை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. காய்ச்சலில் குழிவிழுந்த கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு பார்வை கீழே இறங்கி, அவருடைய கட்டைவிரல் மையில் போய் நின்றது.

"எந்த ஊருங்க?" என்று எதிரே இருந்த கூலி வழக்கமாகக் கேட்பதுபோலக் கேட்டான்.

"நாகூர்" என்றார் கிதிர் முகம்மது.

சேக் இடது கையைத் தரையில் ஊன்றினார். எழுந்திருக்கப் போகிறார் என்பது கிதிர் முகம்மதுவுக்குத் தெரிந்தது. இந்த அசைவை அவர் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறார். தலையைக் குனிந்துகொண்டார். சேக் பாதி எழுந்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். எங்கே பார்த்தாலும் முதுகும் முழங்காலும் மூட்டையும்தான். போய் உட்கார ஒரு சாண் இடம் இல்லை.

சேக் திரும்ப உட்கார்ந்தார். சோற்றை நாலாகப் பிரித்தார். தன் பக்கத்துச் சோற்றில் கை வைத்தார். கிதிர் முகம்மதுவும் கை வைத்தார்.